ஆத்தங்குடிப் பட்டறையில் ஓர் ஆங்கில–துருக்கி அகராதிச் செயலி: மதிப்புரை

கைபேசியில் இயங்கும் ஆங்கில–துருக்கி அகராதிச் செயலி ஒன்றை ஆண்டுக் கட்டணம் செலுத்தி வாங்கி, ஆத்தங்குடிப் பூக்கல் (சிமெண்டால் வார்க்கும் பூவேலைத் தரைக்கல்) பட்டறை ஒன்றின் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்துக்காகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். தமிழிலிருந்து நேராகத் துருக்கிக்குச் செல்லும் கையடக்கமான அகராதி எதுவும் எனக்குக் கிடைக்காததால், நடுவில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் வேலை நடக்கிறது. வீட்டுப் புழக்கம், உணவு, விருந்தோம்பல் ஆகியவற்றுக்கு இந்தச் செயலியை மனமாரப் பரிந்துரைக்கலாம் என்பதும், கட்டடத் தொழிலுக்கு இதை மட்டும் நம்பி ஒரு விலைப்பட்டியலைக்கூட அனுப்பக் கூடாது என்பதும் என் முடிவு.

ஓர் அகராதி பொதுச்சொற்களை எப்படிக் கையாளுகிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். அதைத் தருவதில் பெருமை ஒன்றும் இல்லை. நான் சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொல் ‘செட்’. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள்கள் இருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்பு செட்டு, நகை செட்டு, சினிமா செட்டு, ‘கான்கிரீட் இன்னும் செட் ஆகவில்லை’ என்று தமிழிலேயே இச்சொல்லைப் புழங்கிப் பழகிவிட்டதால், அதற்குள் எத்தனை வினைகள் அடங்கியிருக்கின்றன என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. போதாக்குறைக்குத் துருக்கியிலும் ‘ஸெத்’ என்று இதே எழுத்துகளில் ஒரு சொல் இருக்கிறது. படப்பிடிப்பு அரங்கத்துக்கும் டென்னிஸ் ஆட்டத்தின் பகுதிக்கும் அது பொருந்துகிறது. ஆனால் அரபி வழியாக வந்த மற்றொரு ‘ஸெத்’துக்குக் கரை, அணை என்று பொருள். சீனப் பெருஞ்சுவரைத் துருக்கியர் ‘ச்சின் ஸெத்தி’ என்று அழைப்பது இதனால்தான். செயலி இந்த இரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்து வைத்திருப்பது முதல் நல்ல அடையாளம்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘செட்’டுக்குச் செயலி முதலில் காட்டுவது ‘தக்கும்’. தேநீர்க் கோப்பைகள், தட்டுகள், கருவிகள் என ஒன்றோடொன்று சேர்ந்து பயன்படும் பொருள்களின் தொகுதி இது. கால்பந்து அணிக்கும் இதே சொல்தான், கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த உடைக்கும் இதே சொல்தான். கணக்குப் பாடத்தின் கணத்துக்கு மட்டும் ‘கியூமெ’ என்று வேறு சொல் இருப்பதைத் துறைக்குறிப்புடன் சரியாகத் தந்திருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு ‘தக்கும்’ மிகவும் வேண்டிய சொல். ஆத்தங்குடிக் கல்லில் நான்கு கல்லைக் கூட்டினால்தான் முழுப்பூ தெரியும் வடிவங்கள் பல உண்டு. விலை கல் ஒன்றுக்கா, நான்கு சேர்ந்த தொகுதிக்கா, சதுர மீட்டருக்கா என்பதைக் கடிதத்தில் தெளிவாக்காவிட்டால் பின்னால் வரும் மனத்தாங்கலுக்கு அளவிருக்காது. ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி. நாம் சதுர அடியில் நினைக்கிறோம், அவர்கள் சதுர மீட்டரில் கேட்கிறார்கள். ‘அதெத்’ என்றால் உதிரி ஒன்று, ‘தக்கும்’ என்றால் தொகுதி என்ற வேறுபாட்டைச் செயலி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கியிருப்பது உண்மையிலேயே உதவுகிறது.

வினைச்சொல்லுக்கு வரும்போதுதான் குறை தெரிகிறது. சிமெண்ட் ‘செட் ஆவது’ என்ற பொருளுக்கு இது தரும் முதல் சொல் ‘தொன்மக்’. பேச்சுத் துருக்கியில் கான்கிரீட் இறுகுவதற்கு இச்சொல்லைச் சொல்வது வழக்கம்தான். ஆனால் அதன் முதற்பொருள் உறைதல், பனிக்கட்டியாதல் என்பதாகும். ஏரி உறைவதும் ‘தொன்மக்’, குளிரில் விரல் விறைப்பதும் ‘தொன்மக்’. செட்டிநாட்டு வெயிலில் இருக்கும் நமக்கு இந்தக் குழப்பத்தின் தீவிரம் எளிதில் புலப்படாது. அங்காராவிலும் எர்சுருமிலும் குளிர்காலத்தில் வெளிமுற்றத்துக் கல்லில் ஊறிய நீர் உறைந்து விரிந்து, கல்லையே பிளந்துவிடும். ஆகவே தரைக்கல் வாங்கும் துருக்கிய வணிகர் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, கல் உறைபனியைத் தாங்குமா என்பது. அத்தகைய ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் ‘கல் ஒரு நாளில் செட் ஆகிவிடும்’ என்பதைத் ‘தொன்மக்’ வைத்து எழுதினால், எதிர்முனையில் இருப்பவர் ஒரு கணம் துணுக்குறுவார்.

தொழில்துறையில் வழங்கும் சரியான தொடர் ‘பிரிஸ் அல்மக்’. இறுகத் தொடங்குவது ‘பிரிஸ் பஷ்லன்குஜு’, இறுகி முடிவது ‘பிரிஸ் சோனு’. இந்திய தர விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னதாக இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லும் அதே இரண்டு கட்டங்களைத்தான் இத்தொடர்கள் குறிக்கின்றன. செயலியில் ‘பிரிஸ்’ என்று தேடினால் சுவரில் பிளக் செருகும் சாக்கெட் மட்டுமே வருகிறது. பிரெஞ்சிலிருந்து வந்த இச்சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. வீட்டில் கைபேசிக்கு மின்னேற்ற இடம் தேடுபவருக்கு அது போதும். கட்டடத் துறையின் அடிப்படைச் சொல் ஒன்று விடுபட்டிருப்பதைச் சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு வலுவேற்றும் ‘க்யூரிங்’ நிலைமை இன்னும் மோசம். அங்கே நோயாளியைக் குணப்படுத்தும் சொற்களும் இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தும் சொற்களும் வரிசையாக வருகின்றனவே தவிர, சிமெண்டுக்கு உரிய ‘க்யூர்’ என்ற எளிய துருக்கிச் சொல் எங்கும் இல்லை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஊறல் எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. கண்ணாடியின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் நிறம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு வார்த்த கல்லுக்கு அந்தத் தண்ணீரே நெருப்பு.

தரையில் கல்லைப் பதிப்பதற்கு ‘தொஷெமெக்’ என்று தந்திருப்பது மிகச் சரி. வீட்டுக்கு அறைகலன் போடுவதற்கும் இதே வினைதான் என்பதை ஒரு வரியில் குறித்திருக்கிறார்கள்.

இனி இந்தச் செயலியின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். ‘செட்’ சொல்லுக்குக் கீழே ‘குர்மக்’ என்ற துருக்கி வினையைத் தொட்டால், அந்த வினை எந்தெந்தப் பெயர்களோடு சேர்ந்து வரும் என்ற தனிப்பக்கம் திறக்கிறது. சாப்பாட்டுக்கு மேசையை ஆயத்தப்படுத்துவது ‘சொஃப்ரா குர்மக்’, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் எழுப்புமணி வைப்பதும் ‘ஸாஅத் குர்மக்’, பொறி வைப்பது ‘துஸாக் குர்மக்’, ஊறுகாய் போடுவது ‘துர்ஷு குர்மக்’, பகற்கனவு காண்பது ‘ஹயால் குர்மக்’, நிறுவனம் தொடங்குவதும் ‘குர்மக்’தான். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வினை போதாது. ஊறுகாய்க்குச் ‘செட்’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் நம் மொழியில் பந்தியும் போடுகிறோம், இலையும் போடுகிறோம், ஊறுகாயும் போடுகிறோம், திட்டமும் போடுகிறோம். ‘சொஃப்ரா’ என்பது பழைய நாளில் தரையில் விரிக்கும் விரிப்பையும், அதைச் சுற்றி அமர்ந்து உண்ணும் தாழ்ந்த பலகையையும் குறித்தது என்று செயலி ஒரு சிறு குறிப்புத் தருகிறது. வளவில் வரிசையாக இலை போட்டு, வந்தவர்களை உட்கார வைத்துப் பரிமாறும் வழக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு ‘சொஃப்ரா குர்மக்’ என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ‘போடு’ என்ற வினையை நாம் கையாளும் விதத்தை நினைத்துக்கொண்டால் ‘குர்மக்’ தானாகவே வசப்படுகிறது. ஆங்கிலச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இந்த உறவு கண்ணில் படாமலே போயிருக்கும். வினைக்குப் பின்னால் பெயர்களைத் தொகுத்துத் தரும் இந்த ஒரு வசதிக்காகவே கட்டணம் தகும் என்று நான் கருதுகிறேன்.

சூரியன் மறைவதற்கு ‘பத்மக்’ என்று வருகிறது. கப்பல் மூழ்குவதும் காலில் முள் தைப்பதும் வணிகம் நொடித்துப்போவதும் அதே சொல்லாலேயே சொல்லப்படுகின்றன. கடனில் மூழ்கினான், குடிமுழுகிப் போயிற்று என்று சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ‘பத்து’ என்ற இறந்தகால வடிவம் வந்தால் அது திவாலைக் குறிக்கிறது என்பதை வணிகக் கடிதம் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும். செயலி இதை எச்சரிக்கைக் குறியோடு தந்திருக்கிறது.

நாள் குறிப்பதற்கும் விலை நிர்ணயிப்பதற்கும் உரிய ‘செட்’டின்கீழ் நான்கு சொற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன: ‘பெலிர்லெமெக்’, ‘தெஸ்பித் எத்மெக்’, ‘தாயின் எத்மெக்’, ‘கரார்லஷ்துர்மக்’. எது எங்கே பொருந்தும் என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. இது துருக்கி மொழியின் அண்மைக்கால வரலாற்றோடு தொடர்புடைய குறை. 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய பிறகு, 1932இல் நிறுவப்பட்ட துருக்கி மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகத் துருக்கி வேர்களிலிருந்து சொற்களை எடுத்தும் ஆக்கியும் பரப்பியது. ‘பெலிர்லெமெக்’ அந்தப் புதிய வழக்கைச் சேர்ந்தது. ‘தெஸ்பித்’தும் ‘தாயி’னும் அரபி வழி வந்தவை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தடத்தை இன்றும் நம் எழுத்தில் காண்பவர்கள் நாம். ‘நிச்சயம்’ என்று எழுதுபவருக்கும் ‘உறுதி’ என்று எழுதுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் உடனே உணர்வோம். அந்த உணர்வைத் துருக்கியில் அயலாருக்கு ஊட்ட வேண்டியது அகராதியின் கடமை. நான்கில் கடைசிச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதன் அடியாக நிற்கும் ‘கரார்’ அரபிச் சொல். துருக்கியில் முடிவு என்று பொருள்படும். நம் கடைத்தெருவில் ‘கறார் விலை’ என்று சொல்கிறோமே, அந்தக் கறாரும் அதே மூலத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்ததுதான். காரைக்குடியில் கடை வைத்திருப்பவர்கள் இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

நகையில் கல் பதிப்பதற்குப் பொற்கொல்லர்கள் சொல்லும் ‘முஹ்லமக்’ இதில் இல்லை. பொதுவாக உட்கார வைத்தல் என்ற பொருளுடைய சொல்லைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். தீ வைப்பது, பயணம் புறப்படுவது, எலும்பைப் பொருத்திக் கட்டுவது முதலிய பொருள்கள் குறை சொல்ல இடமின்றி இருக்கின்றன.

ஒலிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்குரல், பெண்குரல் ஒலிப்பதிவு உண்டு, தெளிவாக இருக்கிறது. துருக்கி நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். அவற்றுள் புள்ளியுள்ள இகரமும் புள்ளியில்லாத ஓர் உயிரும் தனித்தனி எழுத்துகள். புள்ளியில்லாத அந்த உயிரை ஒலிப்பது ஆங்கிலேயருக்குக் கடினம் என்று செயலியின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். தமிழருக்கு அந்தக் கடினம் இல்லை. ‘காசு’, ‘பட்டு’ என்ற சொற்களின் ஈற்றில் இதழைக் குவிக்காமல் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் ஏறத்தாழ அந்த ஒலியேதான். ‘தக்கும்’ என்று நான் மேலே எழுதியிருப்பதில் இருக்கும் உகரத்தை அப்படித்தான் ஒலிக்க வேண்டும். தேடும்போது புள்ளியை விட்டுத் தட்டச்சிட்டாலும் சேர்த்துத் தட்டச்சிட்டாலும் செயலி சரியான சொல்லைக் கண்டுபிடித்துத் தருகிறது. ஆனால் எழுதி அனுப்பும்போது அந்தச் சலுகை கிடையாது. சில துருக்கிச் சொற்களில் ஒரு புள்ளி மாறினால் பெரியவர்கள் முன்னிலையில் சொல்லத் தகாத சொல்லாகிவிடும். ஆகவே கடிதத்தை அனுப்புமுன் புள்ளிகளை ஒருமுறை சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வினைகளின் கால, இட வாய்பாடுகள் முழுமையாக உள்ளன. ஆங்கிலத்தில் ‘செட்’ நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் வடிவம் மாறாமல் நிற்பதால் எந்தக் காலம் என்று மயங்க நேரும். துருக்கியில் விகுதியே காலத்தைக் காட்டிவிடுகிறது. வேரோடு விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போவதும், வினை வாக்கியத்தின் ஈற்றில் நிற்பதும் நமக்குப் பழகிய அமைப்பு. இவ்வளவு செய்தவர்கள், எந்த வினை எந்த வேற்றுமையை வேண்டி நிற்கும் என்பதைக் காட்டாமல் விட்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஐ உருபா, கு உருபா என்று ஒரு சிறு குறி போட்டிருந்தால் தமிழர் மட்டுமல்லாமல் எல்லோருமே பிழையின்றி வாக்கியம் அமைக்கலாம். துருக்கியில் தீ வைப்பது ‘தீக்குக் கொடுத்தல்’ என்ற அமைப்பில் வருகிறது. உருபு தெரியாமல் அதை எப்படி எழுதுவது?

‘செட்’டோடு நிறுத்தாமல் எங்கள் பட்டறைச் சொல்லான ‘டைல்’ என்பதையும் தேடிப் பார்த்தேன். இங்கே செயலி என்னை மகிழ்வித்தது. கூரை ஓட்டுக்குக் ‘கிரெமித்’, தரைக்கல்லுக்குக் ‘கரோ’, குளியலறைச் சுவரில் ஒட்டுவதற்கு ‘ஃபயான்ஸ்’, இஸ்னிக் நகரத்தில் செய்து பள்ளிவாசல் சுவர்களில் பதித்த மெருகூட்டிய ஓவியக் கல்லுக்குச் ‘ச்சினி’ என்று நான்கையும் படத்தோடு பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிமெண்டால் வார்க்கும் பூக்கல்லுக்குக் ‘கரோசிமான்’ என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். இஸ்தான்புல்லிலும் ஐவாலிக்கிலும் உள்ள பழைய வீடுகளின் தரைகளில் இன்றும் இந்தக் கல் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் என்றால் என்ன என்று ஒரு துருக்கியருக்கு விளக்க முயலும்போது, ‘கரோசிமான்’ என்று தொடங்கினால் பாதி விளக்கம் முடிந்துவிடும். ‘ச்சினி’ என்று சொல்லிவிட்டால் அவர் சூளையில் சுட்ட நீலக் கல்லை எதிர்பார்ப்பார்.

விலையில்லாமல் கிடைக்கும் இயந்திர மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது இதற்குப் பணம் எதற்கு என்று பட்டறையில் கேட்டார்கள். இயந்திரம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு விடையைத் தந்துவிடும். தள்ளிவிட்ட மற்ற சொற்கள் எவை என்பதைச் சொல்லாது. ‘தொன்மக்’கா, ‘பிரிஸ் அல்மக்’கா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் நமக்குத் தேவை அந்த மற்ற சொற்கள்தான். இந்தச் செயலி அவற்றில் பெரும்பகுதியைக் கண்முன் வைக்கிறது. இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது. பட்டறையின் பின்கட்டில் சிக்னல் கிடைக்காத இடத்தில் இது பெரிய வசதி. எழுத்துகள் சற்றுச் சிறியவை. வயதானவர்களுக்குப் பெரிதாக்கும் வழி இல்லை.

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதிகளாக நடத்துபவர்கள் தயங்காமல் வாங்கலாம். விருந்தினருக்குத் தேவையான சொற்கள் எல்லாம் இதில் நிறைவாக உள்ளன. மொழி கற்கும் மாணவர்கள், வேற்றுமைக் குறிகள் உள்ள ஓர் இலக்கண நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல், சிமெண்ட், நகைத் தொழிலில் இருப்பவர்கள் இதை வாங்கிய கையோடு, மேலே நான் குறிப்பிட்ட தொழிற்சொற்களைச் செயலியின் ‘என் குறிப்புகள்’ பகுதியில் தாங்களே சேர்த்துக்கொள்வது நல்லது. அப்பகுதியில் தமிழ் எழுத்தில் எழுதினாலும் அது ஏற்றுக்கொள்கிறது, பின்னர் தேடும்போது எடுத்தும் தருகிறது. விடுபட்ட சொற்களின் பட்டியல் ஒன்றை ஆக்கியோருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் ‘பிரிஸ் அல்மக்’ இடம்பெற்றால், கட்டடத் தொழிலுக்கு உதவாது என்று நான் கூறியதை இதே பக்கத்தில் திருத்தி எழுதுவேன்.